துளையில் கை வைக்கவில்லை

அந்தப் பெட்டி மேல பையை வெக்காதீங்க சார். குடுங்க, பெட்டியை நான் மடியில வெச்சுக்கறேன். உள்ள என்னவா? கிளாரினெட். நாதஸ்வரம் இல்ல, கிளாரினெட். கும்பகோணத்துல பத்துப் பேர்கிட்ட காட்டுனா ஒம்போது பேரு நாதஸ்வரமாங்கறான், மிச்சம் இருக்கறவன் புல்லாங்குழலாங்கறான். கல்யாணத்துல பேண்டு செட்டுல கறுப்பா, வெள்ளி கீயெல்லாம் வெச்சு ஒண்ணு ஊதுவாங்க பாருங்க, அதுதான்.

நீங்க மாயவரம் வரைக்குமா? அப்ப சரி, நேரம் இருக்கு. நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, அதனால சொல்றேன். இல்லன்னா நான் பஸ்ல யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்ல. பேசி என்ன ஆகப்போகுது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது.

நான் பாலிடெக்னிக்ல வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரா இருந்தேன். முப்பத்தோரு வருஷம். பேரு கோதண்டபாணி. லேத்து, டிரில்லிங், ஃபிட்டிங், எல்லாம் நான்தான். வெர்னியர்னு ஒரு கருவி இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு மில்லிமீட்டரை அம்பது பங்கா பிரிச்சு அளக்கும். அது கையில இருந்தா மனுஷன் பேச்சை நம்பவே வேண்டாம். நான் நம்புனதும் இல்ல.

ரிடையர் ஆனதும் எல்லாரும் கோயில் குளம்னு அலைவானுங்க, இல்லன்னா வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு டீக்கடையில அரசியல் பேசுவானுங்க. நான் கிளாரினெட் எடுத்தேன். குருவா? குரு எதுக்கு சார். ஒரு குரு வெச்சுக்கிட்டா அவன் பண்ற தப்பையும் சேர்த்துக் கத்துக்கணும். புஸ்தகம் வாங்கினேன், வீடியோ பாத்தேன். செல்போன்ல ஒரு ஆப் இருக்கு. ஊதுற சுரம் துல்லியமா இருந்தா முள்ளு நடுவுல வந்து நின்னு பச்சை காட்டும். அதைவிட என்ன குரு வேணும். எங்க வீட்டுல, மங்கையர்க்கரசின்னு பேரு, அவ சொல்லுவா, உங்க முள்ளுக்கு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் மண்டை இடிக்குதுன்னு. அவளுக்கு சங்கீத ஞானம் சுத்தமா கிடையாது. விட்டுத் தள்ளுங்க.

முதல்ல வாங்குனது புதுசு, பிளாஸ்டிக். விளையாட்டுச் சாமான். மரத்துல வேணும்னு தேடிக்கிட்டே இருந்தேன். போன ஐப்பசியில, எங்க தெருவுல ஆர்மோனியம் ரிப்பேர் பண்றவன் சொன்னான், ஆடுதுறையில ஒருத்தன் பழசு ஒண்ணு விக்கறான்னு. போனேன். ரயில்வே கேட்டுக்குப் பின்னால வீடு. மாசிலாமணின்னு பேரு. அம்பது அம்பத்திரண்டு வயசு இருக்கும். துரைக்கண்ணுன்னு ஒருத்தர் நடத்தற பேண்டு செட்டுல இருபத்தஞ்சு வருஷமா இவன்தான் கிளாரினெட். வாயைத் திறந்தான், மேல் வரிசையில நாலு பல்லு இல்ல.

அந்தக் கதையைக் கேளுங்க. ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு வாசிச்சிட்டு லோடு வேன்ல திரும்பியிருக்கானுங்க. இவன் முன்சீட்டு. வேன்காரன் ஒரு மாட்டுக்காக பிரேக் அடிச்சிருக்கான். இவன் முகம் போயி டேஷ்போர்டுல மோதியிருக்கு. கையை முன்னால ஊணியிருந்தா பல்லு தப்பிச்சிருக்கும் சார். ரெண்டு கையாலயும் மடியில இருந்த கிளாரினெட்டை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். வாத்தியத்துக்கு ஒரு கீறல் இல்ல, வாயி போச்சு. பெருமையா வேற சொல்றான். இவனை எல்லாம் என்னன்னு சொல்றது.

கிளாரினெட்டுக்கு மேல் பல்லுதான் ஆதாரம். மவுத்பீஸ் மேல பல்லைப் பதிச்சு, கீழ் உதட்டை மடிச்சு ரீடுக்கு, அதான் அந்த நாணல் பட்டைக்கு, குடுக்கணும். பல்லு இல்லாதவனுக்கு இது வெறும் கட்டை. அதனால விக்கறான். கேட்ட விலையைக் குடுத்தேன், பேரம் பேசல. ஏன்னா அந்த மரத்தைப் பாத்துட்டேன். ஆப்பிரிக்கக் கருங்காலி, பிரான்ஸ்ல செஞ்சது. திருச்சியில மிலிட்டரி பேண்டுல இருந்த ஒருத்தர்கிட்ட வாங்கினானாம். அந்த மாதிரி ஒரு சரக்கு இந்தப் பசங்க கையில கிடந்து என்ன பாடு பட்டிருக்குன்னு பாத்தீங்கன்னா உங்களுக்கே வயிறு எரியும்.

பாகங்களைச் சேக்கற மூட்டுல கார்க் இருக்க வேண்டிய இடத்துல நூல். வெறும் தையல் நூலைச் சுத்தி மெழுகு தடவி வெச்சிருக்கான். ஸ்பிரிங் போன கீக்கு ரப்பர் பேண்டு. கீ மூடுற இடத்துல மெத்தை மாதிரி இருக்கும், பேடும்பாங்க, அதுல ரெண்டு பழைய பர்ஸ்ல இருந்து வெட்டுன தோலு. உள்ள தேங்காய் எண்ணெய். மோந்து பாத்தா வடை சட்டி வாடை வருது. எல்லாத்துக்கும் மேல அந்தத் துளைங்க. விரல் வெக்கற ஆறு துளையும் ஆறு விதம். நாலு துளையில ஒரு ஓரமா அரக்கும் தேன்மெழுகும் கலந்து அப்பி, கறுப்பா இறுகிக் கிடக்கு. மிச்சம் ரெண்டுல அரம் போட்டு ஒரு பக்கம் சரிவா தேச்சு வெச்சிருக்கான். வட்டமே இல்ல, முட்டை மாதிரி. என் ஸ்டூடண்ட் எவனாவது அப்படி ஒரு துளை போட்டுக் கொண்டாந்திருந்தா அந்த ஜாபை, அதான் அவன் செஞ்ச உருப்படியை, தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன்.

பெட்டியைக் குடுக்கும்போது அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சார், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். துளையில மட்டும் கை வெக்காதீங்க. அது எட்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா நான் என் விரலுக்கு அமைச்சுக்கிட்டது. அதுலதான் கமகமே இருக்கு." நான் சரின்னு தலையாட்டினேன். இவன் யாரு சார் எனக்குச் சொல்ல? துளையைப் பத்தி எனக்கு? முப்பத்தோரு வருஷம் துளை போட்டவன் நான்.

மூணு மாசம் உக்காந்தேன். காத்தால காபி குடிச்சிட்டு பின்கட்டு ரூமுக்குப் போனா சாப்பாட்டுக்குத்தான் வருவேன். எல்லா கீயையும் கழட்டி, நம்பர் போட்டு, தட்டுல வரிசையா வெச்சேன். கீக்கெல்லாம் பாலீஷ். மரத்துக்கு பாதாம் எண்ணெய், பஞ்சுல நனைச்சு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, துடைச்சு, மறுபடியும். கார்க்கு, பேடு எல்லாம் சென்னையில இருந்து வரவழைச்சேன். ஸ்பிரிங் நானே செஞ்சேன், தையல் ஊசியைச் சூடு பண்ணி. மேல் பாகத்துல முடி கனத்துக்கு ஒரு விரிசல் இருந்தது, அதை அடைச்சு தேச்சு விட்டேன், இப்ப எங்கன்னு கேட்டா எனக்கே தெரியாது. வேலைன்னா அது வேலை சார். காட்டட்டுமா? வேண்டாம், பஸ்ஸு குலுங்குது.

துளையா? ஆமா, சரி பண்ணேன். ஊசியைச் சூடு பண்ணி அரக்கு மெழுகு எல்லாத்தையும் சுரண்டி எடுத்தேன். ஒரு சின்ன டப்பி நிறைய வந்துச்சு, அவ்வளவு அழுக்கு. சரிவா தேச்சு வெச்சிருந்தான்ல ரெண்டு, அதுல எபாக்ஸி பசையும் கருங்காலித் தூளும் கலந்து நிரப்பி, காய வெச்சு, ரீமர்னு துளை கடையற கருவி, அதைப் போட்டு வட்டமா எடுத்தேன். வெர்னியர்ல அளந்து, புஸ்தகத்துல போட்டிருக்கற அளவுக்கு அப்படியே கொண்டாந்தேன். தை மாசம் பொங்கலுக்கு மறுநாள் முதல் தடவை ஊதினேன். கீழ இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு சுரமும் பச்சை. ஒண்ணு விடாம பச்சை. அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியாது சார், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. யார்கிட்ட போய்க் காட்டறது சொல்லுங்க. எங்க வீட்டுல வந்து எட்டிப் பாத்துட்டு, முடிஞ்சுதா, அப்ப அந்த ரூமைப் பெருக்கணும்னா.

மாசியில ஒரு நாள் சாயங்காலம் மாசிலாமணி வாசல்ல நிக்கறான். சிரிச்சான். வாய் நிறைய பல்லு. கழட்டி மாட்டற பல்செட்டு கட்டியிருக்கான், ஆறு மாசமா ஈறு ஆறணும்னு காத்திருந்து. துரைக்கண்ணு சொல்லிட்டாராம், வாய் திரும்பிடுச்சுன்னா வைகாசி முகூர்த்தத்துல இருந்து உன் இடம் உனக்குத்தான், இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும், ஆள் இல்லாம செட்டை எத்தனை நாள் ஓட்டறதுன்னு. நியாயந்தானே. அதனால ஒரு தடவை ஊதிப் பாக்கணும்னு வந்திருக்கான். "வேற வாத்தியத்துல பாத்தா வித்தியாசம் பல்லாலயா வாத்தியத்தாலயான்னு தெரியாது சார். இது எனக்குத் தெரிஞ்ச வாத்தியம். இதுல வந்துடுச்சுன்னா வந்துடுச்சு"ன்னான். யோசிச்சுத்தான் வந்திருக்கான், அதை ஒத்துக்கணும்.

பெட்டியைத் திறந்தேன். பாத்து அப்படியே நின்னுட்டான். "புதுசு மாதிரி இருக்கே சார்"ன்னான். மாதிரி என்ன மாதிரி. வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டு எடுத்தான். ரீடை நாக்குல நனைச்சு, மாட்டி, பல்லை ரெண்டு தடவை அழுத்தி சரி பண்ணிக்கிட்டு ஊதினான். முதல் சுரம் நல்லாத்தான் வந்துச்சு. கனமா, ரூம் முழுக்க. எங்க வீட்டுல சமையல்கட்டுல இருந்து கரண்டியோட வந்து நின்னுட்டா. அவன் முகத்தைப் பாக்கணுமே நீங்க.

அப்புறம் கானடா ராகம் எடுத்தான். கானடாவுல சுரத்தை ஆட்டி ஆட்டி, வழுக்கிக்கிட்டே ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போகணுமாம், அதுதான் கமகமாம். விரலைத் துளை ஓரத்துல நகத்தறான், சுரம் வழுக்கல, படிக்கட்டு மாதிரி தனித்தனியா நிக்குது. நிறுத்தினான். ரீடை மாத்தினான். மறுபடியும் அதே. பல்லைக் கழட்டி, துடைச்சு, மாட்டி, இன்னொரு தடவை. கிறீச்சுனு ஒரு சத்தம். நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு. துளையை ஒவ்வொண்ணா விரல் நுனியால தடவிப் பாத்தான். பாலீஷ் போட்டு வெச்சிருக்கேன், ஆறு மாசம் வாசிக்காத விரலுக்கு என்ன தெரியும்? என்னைப் பாத்துக் கேட்டான், "சார், துளையில ஏதும் கை வெச்சீங்களா?"

இல்லன்னேன்.

பொய் சொன்னேன்னு நினைக்காதீங்க. கை வெச்சீங்களான்னா என்ன அர்த்தம்? கெடுத்தீங்களான்னு அர்த்தம். நான் கெடுக்கல, சரி பண்ணேன். "மேலாக சுத்தம் பண்ணேன் மாசிலாமணி, துளையில கை வெக்கல"ன்னேன். அவ்வளவுதான்.

அவன் உடனே நம்பிட்டான் சார். ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "நீங்க ஒரு தடவை ஊதுங்க சார், கேப்போம்"னான். நான் செல்போனை மேஜை மேல சாத்தி வெச்சு, கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ ஊதிக் காட்டினேன். எல்லாம் பச்சை. அவன் என் வாயைப் பாக்கல, அந்தப் பச்சை வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். "அப்ப வாத்தியத்துல ஒண்ணுமில்ல. என் வாய்தான்"னான். திரும்பி நின்னுக்கிட்டு பல்செட்டைக் கழட்டி, கைக்குட்டையில சுத்தி, சட்டைப் பையில போட்டுக்கிட்டான். எங்க வீட்டுல காபி குடுத்தா. நின்னுக்கிட்டே குடிச்சிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க சார், சந்தோஷம்"னு சொல்லிட்டுப் போனான்.

அவன் தெரு திரும்பற வரைக்கும் அவ வாசல்லயே நின்னா. உள்ள வந்து, "ரீமர் போட்டீங்களே"ன்னா. அவளுக்கு ரீமர்னா என்னன்னு எப்படித் தெரியும்னு நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். முப்பது வருஷம் என்கூட குடித்தனம் பண்ணா அதுகூடவா தெரியாது. "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ"ன்னேன். அவன் ஒழுங்கா கத்துக்கல சார். ஓட்டை உடைசல் வாத்தியத்துல, மெழுகு அப்பி ஊதிப் பழகினவன், ஒழுங்கான வாத்தியம் குடுத்தா ஊதத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இந்த ஊர்ல எல்லாமே அப்படித்தான். கோணலாவே பழகிட்டு, நேரா இருக்கறதைப் பாத்தா பிசகுங்கறானுங்க.

திருவிடைமருதூர் தாண்டிடுச்சா? கவனிக்கல.

வைகாசியில எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு துரைக்கண்ணு செட்டுதான் வந்திருந்தது. கிளாரினெட் யாரோ ஒரு பொடியன், சீசனுக்கு மட்டும் சீர்காழியில இருந்து கூட்டிட்டு வந்திருக்கானுங்க. அபஸ்வரம், கேக்கவே முடியல. ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போகுது. கடைசியில லைட்டுக்கு கரெண்ட் குடுக்கற ஜெனரேட்டர் வண்டி. அதைத் தள்ளிக்கிட்டு வர்றான் மாசிலாமணி. தோள்ல பொத்தான் வெச்ச அந்தச் சிவப்பு பேண்டு கோட்டு அப்படியே போட்டிருக்கான். துரைக்கண்ணு இரக்கப்பட்டு அந்த வேலையாவது குடுத்திருக்காரு போல. என்னைப் பாத்ததும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டான். அந்தப் புகையில, அந்தச் சத்தத்துல கிட்ட வந்து சொல்றான், "சார், அந்தப் பையன் கானடாவுல காந்தாரத்தை விட்டுட்டான், கவனிச்சீங்களா?" நான் கவனிக்கல. தலையை ஆட்டினேன். வண்டி நகந்துடுச்சுன்னு ஓடிப்போய்ப் பிடிச்சான்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து அவ என்கிட்ட சரியா பேசறதில்ல. சண்டையெல்லாம் இல்ல சார், அவ சண்டை போடற ஜாதி இல்ல. சோறு போடுவா, காபி குடுப்பா. நான் பெட்டியைத் திறந்தா மட்டும் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போயிடுவா. போன வாரம் சொன்னா, "ஒரு மனுஷன் தன் வாய் செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு வண்டி தள்ளிக்கிட்டு இருக்கான். நீங்க உள்ள உக்காந்து பச்சை லைட்டு பாத்துக்கிட்டு இருக்கீங்க. போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க. வேற ஒரு வாத்தியத்துல ஊதிப் பாப்பான்ல." அவனாவே வேற வாத்தியத்துல ஊதிப் பாக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். அதுக்கும் பதில் வெச்சிருக்கா. சொந்த வாத்தியத்துலயே வரலன்னு நெனச்சவன் அடுத்தவன் வாத்தியத்தை எந்த மூஞ்சியோட கேப்பான்னா.

இன்னிக்குக் காத்தால ஆர்மோனியக்காரன் வந்து சொல்றான், நாளைக்கு ஆடிப்பெருக்கு, அந்த சீர்காழிப் பொடியனுக்கு துரைக்கண்ணு வெத்தலபாக்கு மாத்தி அட்வான்ஸ் குடுக்கறாராம். ஆவணியில இருந்து அவன்தான் நிரந்தரமா. அட்வான்ஸ் கை மாறிடுச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது, அவங்க தொழில்ல அது சத்தியம் மாதிரி. ஆர்மோனியக்காரன் போனதும் இவ பெட்டியை எடுத்துக் கொண்டாந்து வாசல்ல என் செருப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டு உள்ள போயிட்டா. அதான் ஆடுதுறைக்குக் கிளம்பினேன்.

சொல்றதுக்கு என்ன இருக்கு. ஒரு வரி. மாசிலாமணி, துளையை நான் மாத்திட்டேன், உன் வாய் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வரின்னு வெச்சுக்குங்க. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல இருந்து அதையே சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன். வொர்க்‌ஷாப்ல பசங்க ஜாபைக் கெடுத்துட்டு பெஞ்சுக்கு அடியில ஒளிச்சு வெப்பானுங்க. ஸ்கேலால அடிச்சிருக்கேன். கெடுத்தா கெடுத்துட்டேன்னு சொல்லுடா, ஒளிக்காதன்னு. இந்தாளு எப்படி எடுத்துப்பான்னு தெரியல. கோபப்பட்டான்னா பரவாயில்ல சார், நான் ரெண்டு மடங்கு கத்துவேன். அவன் கோபப்பட மாட்டான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அப்படியான்னு கேட்டுட்டு, காபி சாப்பிடறீங்களா சார்னு கேப்பான்.

ஆடுதுறையா? ம். தெரியுது. இறங்கறவங்க எல்லாம் இறங்கட்டும், என்ன அவசரம். அதோ அந்த தகரக் கொட்டாய்தான் துரைக்கண்ணு செட்டு. வாசல்ல ஜெனரேட்டர் வண்டிக்கு கிரீஸ் போட்டுக்கிட்டு இருக்கான் பாருங்க, பனியனோட. அவன்தான். நீங்க காலை நகத்த வேண்டாம் சார், உக்காருங்க. பாத்துட்டான். இங்கதான் வர்றான்.

என்ன மாசிலாமணி. நல்லாருக்கேன், நீ? ... ம். ஆமா, பெட்டிதான். ... இல்ல, இங்க இல்ல. மாயவரம் போறேன். ஒரு கல்யாணம். ... ஆடியில என்ன கல்யாணமா? இல்ல, அது, ரிசப்ஷன். சும்மா கொஞ்சம் ஊதச் சொன்னாங்க. ... ஆமா, நான்தான். ... பல்லு போடலயா நீ? ... ஓ. சரி. சரி, கை எடுத்துக்கோ, வண்டி கிளம்புது.

நல்லா வாசிங்கன்னு சொல்றார். கையெல்லாம் கிரீஸ்னு ஜன்னல் கம்பியைத் தொடாம நின்னுக்கிட்டு சொல்றார்.

கண்டக்டர். இங்க. ஆமா, ஆடுதுறைக்குத்தான் எடுத்தேன். மாயவரத்துக்கு ஒண்ணு குடுங்க.